ஷிப்டுக்கும் செமஸ்டருக்கும் நடுவே

காலை ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவே சேவூர் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு விதமான பைகளைப் பார்க்கலாம். தூக்குப்போசி வைத்த கட்டைப்பை பனியன் கம்பெனிக்குப் போகிறது. நோட்டு வைத்த தோள்பை கல்லூரிக்குப் போகிறது. கம்பெனி வேன் வந்து முதல் கூட்டத்தைத் திருப்பூர்ப் பக்கம் அள்ளிக்கொண்டு போகும். இரண்டாவது கூட்டம் அவிநாசிப் பேருந்துக்காக இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். சில நாட்களில் தோள்பைக்காரர்களில் ஒருவர் வேனில் ஏறிவிடுகிறார். ஷிப்மென்ட் நெருங்கியிருக்கும், செக்கிங்கில் ஆள் போதாது, இன்றைக்கு ஒன்றரை ஷிப்ட் உண்டு என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள்.

இந்த அத்தியாயம் முதன்மையாக அவருக்காகத்தான். பாடம் ஏறாமல் படிப்பை விடுகிறவர்களை விட, நாள் கணக்குத் தப்பிப்போய் விடுகிறவர்களை நினைத்தால்தான் மனம் அடித்துக்கொள்கிறது. பல்கலைக்கழக விதிகளில் அவர்களுக்கான வழிகள் எழுதியே இருக்கின்றன. ஆனால் சேரும் நாளில் கையில் கொடுக்கும் விதிமுறைக் கையேட்டை யாரும் பிரிப்பதில்லை.

சேரும்போது

சேவூர்க்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது அவிநாசி அரசு கலை அறிவியல் கல்லூரி. திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும், பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் இருக்கின்றன. மூன்றும் 1982ல் தொடங்கப்பட்ட கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளவை. பட்டத்தில் இருக்கப்போவது பல்கலைக்கழகத்தின் முத்திரை என்பதால், இனி வரும் விதிகளில் பெரும்பாலானவற்றைத் தீர்மானிப்பதும் பல்கலைக்கழகம்தான். தன்னாட்சிக் கல்லூரி என்றால் தேர்வும் தேர்வு விதிகளும் கல்லூரியின் கையில் இருக்கும், பட்டம் மட்டும் பல்கலைக்கழகம் தரும். சேரும் கல்லூரி எந்த வகை என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வருவதை ஒட்டி, தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே இணையதளத்தில் விண்ணப்பம் தொடங்கிவிடுகிறது. சமீப ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். இந்த 50 ரூபாயில் ஐந்து கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். பக்கத்தில் இருக்கிறது என்று ஒரே கல்லூரியைக் குறித்துவிட்டு மற்ற நான்கு இடத்தையும் காலியாக விடுவது பெரிய நஷ்டம்.

தரவரிசை எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் பெற்றோருக்குக் குழப்பம். இ-சேவை மையத்தில் இப்படி ஒரு பேச்சு மே மாதம் முழுக்க நடக்கும்.

"ஏனுங் தம்பி, எங்க பாப்பா மொத்தத்துல கம்மிதானுங். தமிழ்ல மட்டும் தொண்ணூத்தி நாலு. காலேஜ்ல இடம் கிடைக்குங்களா?"

"பி.ஏ. தமிழுக்குப் போடுங்கக்கா. அந்த லிஸ்ட்டைத் தமிழ் மார்க்கை மட்டும் வச்சுத்தான் போடுவாங்க."

அந்தத் தம்பி சொல்வது சரி. பி.ஏ. தமிழுக்குத் தமிழ்ப் பாட மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கிலப் பாட மதிப்பெண், மற்ற படிப்புகளுக்கு மொழிப்பாடம் நீங்கலான நான்கு பாடங்களின் 400 மதிப்பெண் என்று தனித்தனிப் பட்டியல் உண்டு. முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான சிறப்புக் கலந்தாய்வு நடக்கும். பொதுக் கலந்தாய்வு அதற்குப் பிறகு. இடங்களில் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்கு உரியது. சாதிச் சான்றிதழ் கையில் இல்லாதவர் அந்தப் பட்டியலுக்குள் வர முடியாது. கலந்தாய்வுக்கு முந்தின நாள் இ-சேவை மையத்துக்கு ஓடுவதை விட, பொதுத்தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

பயிற்று மொழியையும் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010ல் வந்தது. பள்ளி முதல் அந்த வேலைக்கான கல்வித்தகுதி வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும் என்று 2020ன் திருத்தம் இறுக்கிவிட்டது. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை, பட்டப்படிப்பை மட்டும் பெருமைக்காக ஆங்கில வழியில் எடுத்தால், பட்டதாரி நிலை வேலைகளுக்கு அந்த முன்னுரிமையை இழக்கிறது.

இன்னொன்று, பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வேறொரு எழுத்து, முதலெழுத்து ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால் என்று இருக்கும். கல்லூரியில் பதிவாகும் பெயர்தான் ஆறு செமஸ்டர் மதிப்பெண் பட்டியலுக்கும் பட்டத்துக்கும் போகிறது. முதல் செமஸ்டரில் ஒரு கடிதத்தோடு முடியும் திருத்தத்துக்கு, பட்டம் அச்சான பிறகு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

கட்டின பணம், கொடுத்த சான்றிதழ்

தனியார் கல்லூரியில் பணம் கட்டிவிட்டு, பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்து மாறுகிறவர்கள் வருடா வருடம் உண்டு. "கட்டின பணம் போனது போனதுதான்" என்று அவர்களே முடிவுகட்டிக்கொள்கிறார்கள். அது தவறு. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 அக்டோபரில் இதற்கென்றே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சேர்க்கைக்கான கடைசித் தேதி என்று முறையாக அறிவித்த நாளை வைத்துக் கணக்குப் போகிறது. அந்த நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கும் முன்பே விலகினால் முழுப் பணமும் திரும்ப வேண்டும். அதில் 5 விழுக்காடு, அதிகபட்சம் 5,000 ரூபாய், அலுவலகச் செலவாகப் பிடிக்கலாம். கடைசித் தேதிக்கு 15 நாளுக்குள் என்றால் 90 விழுக்காடு. தேதி கடந்து 15 நாளுக்குள் என்றால் 80. அதற்கு மேல் 30 நாள் வரை 50. அதன் பிறகு கட்டணம் திரும்பாது. 20,000 ரூபாய் கட்டியவர் கடைசித் தேதி முடிந்த பத்தாம் நாள் எழுதிக் கொடுத்தால் 16,000 ரூபாய் அவருடையது. வாயால் சொல்லிவிட்டு வரக்கூடாது. தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் கல்லூரி முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதே அறிவிப்பு மூலச் சான்றிதழ்களைப் பற்றியும் பேசுகிறது. கல்லூரி அவற்றைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், தன் பீரோவில் வைத்துப் பூட்டக்கூடாது.

பகுதி ஒன்று முதல் ஐந்து வரை

புதிய கல்விக் கொள்கையை ஒட்டி யுஜிசி 2022 டிசம்பரில் நான்காண்டுப் பட்டத்துக்கான சட்டகத்தை வெளியிட்டது. முதலாண்டோடு விலகினால் சான்றிதழ், இரண்டாம் ஆண்டோடு விலகினால் டிப்ளமோ என்பதெல்லாம் அதில் வருவது. தமிழ்நாட்டின் அரசுக் கல்லூரிகள் மூன்றாண்டுப் பட்டத்திலேயே நிற்கின்றன. ஒரு வருடம் படித்துவிட்டு நின்றால் ஏதோ ஒரு சான்றிதழ் கிடைக்கும் என்று இங்கே நம்பியிருக்கக் கூடாது.

ஆறு செமஸ்டர்களும் ஐந்து பகுதிகளாகப் பிரிந்திருக்கும். பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடமும் அதன் துணைப் பாடங்களும். இவற்றை யாரும் மறப்பதில்லை. நான்காம் பகுதியில் வரும் சுற்றுச்சூழல் கல்வியும், திறன் சார்ந்த பாடங்களும், ஐந்தாம் பகுதியில் வரும் நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்றவையும்தான் காலை வாருகின்றன. முதன்மைப் பாடம் அத்தனையிலும் முதல் வகுப்பு வாங்கிவிட்டு, இரண்டு கிரெடிட் உள்ள ஒரு சின்னப் பாடத்தை எழுதாமல் விட்டால் பட்டம் வராது. சுற்றுச்சூழல் பாடம் இந்தியா முழுக்கக் கட்டாயமானது உச்ச நீதிமன்ற உத்தரவால். சாயக்கழிவு கலந்த நொய்யலையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் வீட்டுப் பேச்சாகவே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அந்தப் பாடத்தை ஒப்புக்கு எழுதுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. அவர்களுக்கு அதில் எழுத எவ்வளவோ இருக்கிறது.

தேர்ச்சிக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. இளநிலையில் தேர்ச்சி 40 விழுக்காடு, முதுநிலையில் 50. உள்மதிப்பீட்டுக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75 என்ற பரவலான முறையில், மொத்தம் 40 வந்தால் மட்டும் போதாது, எழுத்துத் தேர்வில் தனியாக 30 எடுத்திருக்க வேண்டும். ஒருவர் உள்மதிப்பீட்டில் 22, எழுத்துத் தேர்வில் 28 வாங்குகிறார். கூட்டினால் 50. மதிப்பெண் பட்டியலில் அந்தப் பாடத்துக்கு நேரே இருப்பது தோல்வி. மறுகூட்டலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் முடிவு வெளியான பிறகு சில நாள்தான் அவகாசம். 28க்கும் 30க்கும் நடுவே நிற்பவர் அந்த நாட்களைத் தவறவிடக்கூடாது.

நாள் கணக்கு

இனி வேனில் ஏறிய மாணவருக்கு வருவோம்.

பனியன் கம்பெனியில் வேலை செய்யும் வீட்டில் சின்ன நோட்டு ஒன்று இருக்கும். திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்றரை, புதன் ஒன்றரை என்று ஷிப்ட் எழுதி, சனிக்கிழமை சம்பளத்தோடு ஒத்துப்பார்ப்பார்கள். கால் ஷிப்ட் விட்டுப்போனாலும் கண்டுபிடித்துக் கேட்டு வாங்குகிற கணக்கு அது. அதே நோட்டின் இன்னொரு பக்கத்தில் கல்லூரிக்குப் போன நாளை எழுதினால் போதும், இந்த அத்தியாயத்தின் பாதி வேலை முடிந்தது.

ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்று வைத்துக்கொள்வோம். தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். அது 68 நாள். ஆக, வராமல் இருக்கக்கூடியது 22 நாள். வாரத்துக்கு ஐந்து நாள் கல்லூரி என்றால் 90 நாள் என்பது 18 வாரம். வாரம் ஒரு நாள் மட்டும் வேலைக்குப் போகிறவர் 18 நாளை அதிலேயே செலவழித்துவிடுகிறார். மிச்சம் நான்கு நாள். காய்ச்சல், மாமன் மகள் கல்யாணம், சித்திரையில் அவிநாசித் தேர் எல்லாம் அந்த நான்குக்குள் அடங்க வேண்டும். வாரம் இரண்டு நாள் போகிறவர் வந்த நாள் 54. விழுக்காட்டில் 60. அவர் பெயருக்கு ஹால் டிக்கெட் வராது.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இந்த விதி படிப்படியாக இறங்குகிறது. 65 முதல் 74 விழுக்காடு வரை உள்ளவர் தகுந்த காரணம் காட்டி, அதற்குரிய கட்டணம் கட்டினால் தேர்வெழுத அனுமதி உண்டு. 90 நாளில் 59 நாளாவது வந்தவர் இந்த வரிசையில் சேர்கிறார். அதற்கும் கீழே, 50 விழுக்காடு வரை உள்ளவர் அந்த செமஸ்டர் தேர்வை எழுத முடியாது. ஆனால் அடுத்த செமஸ்டர் வகுப்பில் உட்காரலாம், விட்ட பாடங்களைப் பின்னர் எழுதலாம். 50க்கும் கீழே போனவர் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டால் வராத நாள் வந்த நாளாகிவிடும் என்ற நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. அந்தச் சான்றிதழ் விலக்குக் கேட்பதற்கான காரணம் மட்டும்தான். முகாமுக்கும் போட்டிக்கும் கல்லூரியே அனுப்பும் நாட்கள் 'ஆன் டியூட்டி' என்று கணக்கில் சேரும், கம்பெனி வேலை சேராது.

எந்த நாட்களில் வேலைக்குப் போவது என்பதையும் யோசிக்கலாம். ஜூனில் தொடங்கும் செமஸ்டரில் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள்தான் ஆபத்து. கம்பெனியில் ஆர்டர் முடிக்கும் அவசரம், வீட்டில் பண்டிகைச் செலவு, கல்லூரியில் உள்மதிப்பீட்டுத் தேர்வு என்று மூன்றும் ஒரே சமயத்தில் வரும். நவம்பர் தேர்வு அதற்குப் பின்னாலேயே நிற்கும். கோடை விடுமுறையிலும் செமஸ்டர் இடைவெளியிலும் ஓடி ஓடி ஷிப்ட் பார்த்துவிட்டு, செப்டம்பர் முதல் நவம்பர் வரை நாளைக் காப்பாற்றிக்கொள்கிறவர் தப்பிக்கிறார்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பெண்களுக்குப் 'புதுமைப் பெண்' 2022 செப்டம்பரிலும், ஆண்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. சேவூரிலிருந்து போய்வரும் பேருந்துச் செலவையும் தேர்வுக் கட்டணத்தையும் அது தாங்கும். படிப்பை நிறுத்தினால் அதுவும் நின்றுபோகும் என்பதை வீட்டில் போடும் ஷிப்ட் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணமாகிப் படிக்கும் பெண்களுக்கு ஒரு செய்தி. மகப்பேறு விடுப்பு, வருகைப் பதிவில் தளர்வு, தேர்வு விண்ணப்பத்துக்குக் கூடுதல் அவகாசம் ஆகியவற்றுக்கு விதி வகுக்கும்படி 2021 டிசம்பரில் யுஜிசி பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இளநிலை, முதுநிலை மாணவிகளையும் அது சேர்த்தே சொல்கிறது. முதல்வருக்குக் கடிதம் எழுதும்போது இதைக் குறிப்பிடலாம்.

நிறுத்தியே ஆகவேண்டும் என்றால்

அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகிறது, தறிக்கு வாங்கின கடன் நெருக்குகிறது, ஒரு வருடம் வேலைக்குப் போயே தீரவேண்டும் என்ற நிலை வரலாம். அப்படிப் போகிறவர் இந்தப் புத்தகத்தில் ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைக்கலாம் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: நடக்கும் செமஸ்டரின் தேர்வுக்குப் பணம் கட்டி, எழுதிவிட்டுப் போங்கள். வருகை போதிய அளவு இருந்து, தேர்வுக்குப் பதிவும் செய்துவிட்டு நிறுத்துகிறவர், பிறகு கல்லூரி, பல்கலைக்கழகம் இரண்டின் அனுமதியோடு அடுத்த செமஸ்டரில் மீண்டும் சேர வழி இருக்கிறது. 'பிரேக் ஆஃப் ஸ்டடி' என்று அலுவலகத்தில் சொல்வது இதைத்தான். மூன்றாம் செமஸ்டரின் நடுவே சொல்லாமல் நின்றவர் அந்த செமஸ்டரை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கும். பத்து நாள் பொறுத்துத் தேர்வெழுதியவருக்கு ஆறு மாதம் மிச்சம்.

மாற்றுச் சான்றிதழை, அதாவது டி.சி.யை, அவசரப்பட்டு வாங்கவும் கூடாது. வாங்கினால் கல்லூரிப் பதிவேட்டில் அவர் விலகியவர். விடுப்பில் இருப்பவருக்கும் விலகியவருக்கும் திரும்பி வரும் வழி ஒன்றல்ல.

பாடத்திட்டம் சில வருடத்துக்கு ஒருமுறை மாறும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அரியர் வைத்திருப்பவருக்குப் பழைய பாடத்திட்டத்திலேயே எழுதச் சில வாய்ப்புகள் தருவார்கள். அவை தீர்ந்த பிறகு, புதிய பாடத்திட்டத்தில் அதற்கு இணையான தாளைத்தான் எழுத வேண்டும். பழைய நோட்டு அப்போது உதவாது.

அரியர் பற்றிய வதந்திகளை நம்பி இருக்கக் கூடாது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்ட் 26 அன்று, அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்களுக்குத் தேர்வெழுதுவதிலிருந்து விலக்கு அளிப்பதாக அறிவித்தார். மாநிலம் முழுக்கக் கொண்டாட்டம், சுவரெல்லாம் நன்றி போஸ்டர். அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் இ. பாலகுருசாமி உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தார்கள். தேர்வே இல்லாமல் அரியரை ரத்து செய்வதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் புத்தகத்தை மூட்டை கட்டி வைத்தவர்கள்தான் கஷ்டப்பட்டார்கள்.

தொலைநிலையில் படிப்பவர்

ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துகொண்டே பட்டம் வாங்க நினைப்பவருக்குத் தொலைநிலைக் கல்வி நல்ல வழி. 1985ல் தொடங்கிய இக்னோவும், 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் அதற்கென்றே இருப்பவை. இக்னோவில் மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை நிதானமாக முடிக்கலாம். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி நேரம். இரவு எட்டரைக்கு ஒன்றரை ஷிப்ட் முடித்து வீடு திரும்புகிறவர், ஒரு வருடத்தில் எத்தனை தாளைத் தாங்க முடியும் என்று இந்தக் கணக்கிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

சேரும் முன் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்தப் படிப்பை அந்த வருடம் தொலைநிலையில் நடத்த யுஜிசி அனுமதி இருக்கிறதா என்பது. அனுமதி வருடத்தை வைத்துத் தரப்படுகிறது, பல்கலைக்கழகம் பெரியதாகவும் பழையதாகவும் இருப்பது போதாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15ஆம் கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் என்று 2022 மார்ச்சில் யுஜிசி அறிவித்தபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் திகைத்துப் போனார்கள். யுஜிசி இணையதளத்தில் இருக்கும் பட்டியலில் படிப்பின் பெயரும் ஆண்டும் தெளிவாக இருக்கும்.

இரண்டாவது, படிப்பின் வரிசை. எட்டாவதோ பத்தாவதோ முடித்துப் பனியன் கம்பெனியில் கைமடி வேலைக்குப் போனவரிடம், "பிளஸ் டூ எதுக்குங்க, நேரா டிகிரியே எழுதிடலாம்" என்று சொல்கிற ஏஜென்ட்கள் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதன் பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் வந்த பட்டத்தைத்தான் அரசு வேலைக்கு ஏற்க முடியும் என்று தமிழக அரசு 2009 ஆகஸ்டில் அரசாணை போட்டுவிட்டது. தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வை முதலில் எழுதுவதற்குக் கூடுதலாக ஓரிரு வருடம் ஆகும். அந்த வருடங்களை மிச்சம் பிடித்தவர்கள், வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் கண்கலங்கி நின்றிருக்கிறார்கள்.

கல்லூரியில் நேரடியாக ஒரு பட்டம் படித்துக்கொண்டே, தொலைநிலையில் இன்னொரு பட்டம் படிக்க 2022 ஏப்ரலில் யுஜிசி வழி திறந்தது. பி.காம். படிக்கும் மாணவி பி.ஏ. தமிழையும் சேர்த்துப் படிக்கலாம். அது பிள்ளையின் ஆசையாக இருந்தால் மட்டும் சரி.

கடைசிக் காகிதங்கள்

ஆறாம் செமஸ்டர் முடிவு வந்ததும் வேலைக்குப் போய்விடுகிறவர்கள், தற்காலிகச் சான்றிதழையும் ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலையும் வாங்கியதோடு பட்டத்தை மறந்துவிடுகிறார்கள். பட்டமளிப்புக்குத் தனி விண்ணப்பம் உண்டு, தனிக் கட்டணம் உண்டு. அறிவிப்பு வரும் தேதியைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். விழாவுக்குப் போக முடியாதவர், நேரில் வராமல் பெற்றுக்கொள்வதாகக் குறித்துக் கொடுத்தால் போதும். பட்டத்தைத் தபாலில் வாங்குகிறவர் கம்பெனிக் குவார்ட்டர்ஸ் முகவரியைத் தரக்கூடாது. வேலை மாறினால் அறையும் மாறிவிடும். சேவூரில் அம்மா இருக்கும் வீட்டு முகவரியைக் கதவு எண்ணோடு எழுதிக் கொடுத்தால், தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு அந்தக் கனமான உறையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போவார்.